உங்கள் துணை தவறிவிட்டார்

சிவப்பு மருந்து நிறைந்த ஊசியைக்கூட சுகந்தி ஒருவழியாகப் பார்த்துவிட்டாள். காதுக்குப் பின்னால் ஒட்டப்போகிற அந்தக் கறுப்பு வட்டத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

பத்து வருடமாக மதுரையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காளவாசல் நெரிசலில் வேன் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எதிரே வந்த டவுன் பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்தவள். அவள் ஹாரன் சத்தம் கேட்டால் ஆட்டோக்காரர்கள் தானாக ஒதுங்குவார்கள். அப்பேர்ப்பட்டவள் இப்போது நாற்காலியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மார்பில் கட்டி என்று சொன்ன நாளிலிருந்தே பயம்தான். ஆனால் ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுத்து அவர்கள் பாட்டுக்கு வெட்டிவிடுவார்கள். இந்தக் கீமோ அப்படியில்லை. தன் காலால் நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி ஏற்றிக்கொள்ள வேண்டும். இப்படி மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை.

“இதுக்குப் பேரு பொட்டு,” என்றார் ரூபி சிஸ்டர். “கம்பெனிக்காரன் நீளமா ஒரு பேரு வச்சிருக்கான், அது யாரு வாயிலயும் நுழையல. திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்குல்ல, அதான்.”

“வலிக்குமா சிஸ்டர்?”

“ஒட்டும்போது ஒண்ணும் தெரியாது. சொல்றதைக் கேளுங்க. மருந்து ஏறினா குமட்டும். உள்ள ஏதோ விஷம் வந்துருச்சு, வெளிய தள்ளுன்னு நரம்பு வழியா மூளைக்கு ஒரு சேதி போகும். அதுதான் குமட்டல். அந்தச் சேதியில பாதியை இந்தப் பொட்டு மறிச்சு இன்னொருத்தருக்கு அனுப்பிடும். உங்களுக்குப் பாதி, அவங்களுக்குப் பாதி.”

“மறிக்கிறதுதான் மறிக்குது, அப்படியே குப்பையில போட வேண்டியதுதானே? எதுக்கு இன்னொருத்தர் தலையில கட்டணும்?”

“எல்லாரும் கேக்குற கேள்விதான். போட்டுப் பாத்தாங்க. யாரும் வாங்கிக்காத சேதி ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு மடங்காத் திரும்பி வந்துச்சு. யாராவது ஒருத்தர் வாங்கிக்கிட்டாத்தான் அது அடங்குது. ஏன்னு பெரிய டாக்டருக்கே தெரியாது.”

“அப்ப எங்க வீட்டுக்காரருக்கு அனுப்புங்க. இருவது வருஷத்துல ஒரு தலைவலி வந்ததில்ல மனுசனுக்கு.”

பக்கத்தில் நின்றிருந்த தனசேகர் உடனே சட்டைக் காலரை விலக்கிக் காதைக் காட்டினான். ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்தக் கோளாறையும் எங்காவது ஒரு ஒயரை மாற்றிக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன்.

“அவருக்கு அனுப்பினா காது கூசும், அவ்வளவுதான்,” என்றார் சிஸ்டர். “கீமோ ஏறின உடம்புக்குத்தான் அந்தச் சேதி புரியும். அதனால நோயாளிக்கு நோயாளிதான் துணை. உங்களுக்கு ஏறுற அன்னிக்கு அவங்களும் ஒண்ணு ஒட்டிக்குவாங்க. அவங்களுக்கு ஏறுற அன்னிக்கு நீங்களும். ரெண்டு நாளைக்குக் கழட்டக் கூடாது.”

“கழட்டிட்டா?”

“முழுசும் மருந்து ஏறினவங்களுக்கே போயிரும்.”

துணையின் பெயர், ஊர், நம்பர் எதுவும் தர மாட்டார்கள். முன்பு தந்துகொண்டிருந்தார்களாம். ஒருத்தர் இறந்துபோனால் மற்றவர் மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். இப்போது மருந்து ஏறுவதற்கு முன்னால், சிஸ்டரின் போனிலிருந்து ஒரே ஒரு தடவை பேசலாம். சுகந்தி போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

“ஏளா, பேசு. இருக்கியா?” என்றது ஒரு கட்டைக் குரல்.

“இருக்கேன்க்கா. நீங்க எந்த ஊரு?”

“அதச் சொல்லக் கூடாதுன்னு இங்க நர்சம்மா மொறைக்கா. கடக்கரைன்னு வச்சுக்க. கருவாட்டுக் கம்பெனில இருவத்திரெண்டு வருசம். நாத்தம்னா என்னன்னே தெரியாம இருந்தவ, இப்போ பக்கத்து வீட்டுக்காரி சோப்புப் போட்டுக் குளிச்சா எனக்கு ஆவ மாட்டேங்கு, பாத்துக்க.”

சுகந்திக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. கட்டி என்று சொன்ன பிறகு பதினோரு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

“நல்லா கேட்டுக்க,” என்றாள் அக்கா. “செவப்பு மருந்து ஏறும்போது வாயில ஐஸ்கட்டி வேணும்னு நர்ஸ்கிட்டக் கேளு, வாய்ப்புண்ணு கொறையும். பசிக்கதுக்கு முன்னாடியே ரெண்டு வாய் தின்னுரு. வெறும் வயிறா விடாத. தாளிக்க எடத்துல நிக்காத. எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி குடிச்சா ஆணிய நக்குன மாதிரி இருக்கும், பிளாஸ்டிக்ல குடி. தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வை. காய்ச்சல் நூறத் தாண்டுச்சுன்னா கசாயம் கிசாயம்னு உக்காந்துராத, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடிரணும்.”

“முடி?”

“போவும். அதுக்கு முன்னாடி நீயே ஒட்ட வெட்டிரு. தலவாணில கொத்தாக் கெடக்கதப் பாக்கதுதான் கொடும.”

அதற்குமேல் கேட்க வேண்டியதை எல்லாம் சுகந்தி மறந்துபோனாள். “பயமா இருக்குக்கா,” என்றாள்.

“எனக்குந்தாம்ளா. ரெண்டு தடவ துணைக்கு ஆள் கெடைக்காம தனியா ஏத்தியாச்சு, இன்னும் பயம் போவல. ஒனக்குத்தான் நான் இருக்கேன்லா. பாதிதான் படுவ. வரும்போதெல்லாம் பாதி, பாதின்னு நெனச்சுக்க.”

அன்று மதியம் மூன்று மணிக்கு முதல் அலை வந்தது. வேனில் பிள்ளைகள் வாந்தி எடுத்து எத்தனையோ முறை கழுவியிருக்கிறாள். குமட்டல் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. குடலை யாரோ உள்ளேயிருந்து பிழிந்தார்கள். குளியலறைக் குழாயைப் பிடித்துக்கொண்டு, பாதி, பாதி என்று வாய்விட்டே சொன்னாள். இது பாதிதான். மீதியைக் கடற்கரையில் ஒருத்தி வாங்கிக்கொண்டிருக்கிறாள். முன்பின் பார்த்திராத ஒருத்தி தனக்காகக் குனிந்து நிற்கிறாள் என்று நினைக்கும்போது அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே ஒரு தைரியமும் வந்தது. மூன்றாம் நாள் ரசஞ்சோறு இரண்டு கை இறங்கியது.

“அக்கா எப்படி இருக்காங்கன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஏதாவது மெசேஜ் வந்துச்சா?” என்று கேட்டாள். அவள் போன் இந்த மூன்று நாளும் தனசேகரிடம்தான் இருந்தது.

“வந்துச்சு, வந்துச்சு. நல்லாருக்காங்களாம்,” என்றான் தனசேகர், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த வியாழக்கிழமை அக்காவின் முறை. காலை பதினொரு மணிக்கு ஏற்றுவார்கள் என்று ரூபி சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அதற்குள் சுகந்திக்கு நாக்கு திரும்பியிருந்தது. சட்னியில் உப்பு எது, உறைப்பு எது என்று தெரிந்தது. அந்த நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லைதான். இருந்தாலும் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே. பொட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

“இன்னைக்கு எதுக்கு அது?” என்றான் தனசேகர்.

“அக்காவுக்கு ஏறுதுல்ல.”

“எந்த அக்காவுக்கு?”

“எந்த அக்காவுக்கா? எனக்கு எத்தனை அக்கா இருக்காங்க? அந்தக் கடக்கரை அக்காவுக்குத்தான்.”

தனசேகர் முகம் வெளுத்துப்போனது. ஏதோ சொல்ல வந்தவன் விழுங்கிக்கொண்டான். தனக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்து சுகந்தி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

ஒன்றரை மணிவரை எதுவுமில்லை. பிறகு வந்தது. அவளுடைய குமட்டல் வந்து வந்து போகும். நடுவில் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் தரும். அக்காவினுடையது அப்படி இல்லை. வந்தது, பிடித்துக்கொண்டது, விடவேயில்லை. அக்காவுக்கு ஏறுவது வேறு மருந்து, இன்னும் கடுமையானது என்று அப்போதுதான் புரிந்தது. அரை மணி நேரத்தில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதுவே பாதி என்றால் முழுசு எப்படி இருக்கும்? ஆறு தடவை தன்னுடையது, அதற்கு நடுவே அக்காவுடையது வேறு. முடியாது என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது.

தனசேகர் வாசற்படியில் நின்று அவளையே பார்த்தான். அவன் கண்ணில் அப்படி ஒரு பீதியை அவள் பார்த்ததேயில்லை. “கழட்டிரு சுகந்தி,” என்றான். “அது யாருதுன்னே தெரியல. கழட்டிப் போட்டுரு.”

அவன் சொன்னதால்தான் கழற்றினேன் என்று பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள். ஆனால் அவன் வாய் திறக்கும்போதே அவள் நகம் பொட்டின் ஓரத்தைக் கிளப்பிவிட்டிருந்தது.

மிக்ஸியை நிறுத்தினாற்போல் குமட்டல் நின்றது. வீடு அமைதியாக இருந்தது. எங்கே போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒட்டிக்கொள்வோம் என்று நினைத்தாள். பத்து நிமிடம் அரை மணி ஆனது. பசித்தது. காலையில் மிஞ்சிய இட்லி இரண்டைச் சட்னி தொட்டு முழுவதுமாகச் சாப்பிட்டாள். பொட்டை மறுபடி ஒட்டவில்லை. அந்த இரண்டு இட்லியை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திட்டு வரும் என்று எதிர்பார்த்தாள். வெள்ளி போனது, சனி போனது, அதற்கடுத்த வாரமும் போனது, யாரும் கூப்பிடவில்லை. போன் அடித்தால் ஆஸ்பத்திரி நம்பரா என்றுதான் முதலில் பார்த்தாள். தன் இரண்டாவது முறை நெருங்க நெருங்க, மருந்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கழற்றினேன். அக்கா மட்டும் எதற்கு எனக்காக ஒட்டிக்கொள்ள வேண்டும்? இந்தத் தடவை முழுவதும் எனக்குத்தான். பாதிக்கே குழாயைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் முழுவதை எப்படித் தாங்குவேன்?

“நான் போகல,” என்றாள் ஞாயிற்றுக்கிழமை.

“எங்க?”

“செவ்வாய்க்கிழமை. மருந்துக்கு. வேண்டாம். வர்றது வரட்டும்.”

தனசேகர் கெஞ்சினான், கோபப்பட்டான், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை ரூபி சிஸ்டரே கூப்பிட்டார். “உங்க துணையைப் பத்தி ஒரு விஷயம் பேசணும். உடனே வாங்க,” என்றார். அக்கா செத்துப்போய்விட்டாள், நான்தான் கொன்றேன் என்று பைக்கில் போகும் வழியெல்லாம் சுகந்தி நினைத்துக்கொண்டே போனாள்.

சிஸ்டர் அறைக்கதவைச் சாத்தினார். “நீங்க செத்துட்டீங்களாம்,” என்றார்.

சுகந்திக்குப் புரியவில்லை.

“பொட்டை யாராவது கழட்டினா, அவங்க துணைக்கு ஒரு மெசேஜ் போகும். இங்க பாருங்க.” சிஸ்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். உங்கள் துணை தவறிவிட்டார் என்று ஒரே ஒரு வரி இருந்தது. “இங்கிலீஷ்ல மிஸ்டுன்னு இருந்திருக்கு. வரத் தவறிட்டார்ங்கிற அர்த்தத்துல. எந்த மகராசனோ மெஷின்ல போட்டுத் தமிழாக்கிட்டான். நம்ம ஊர்ல தவறிட்டார்னா என்ன அர்த்தம்னு அந்த மெஷினுக்குத் தெரியுமா? மாத்துங்கன்னு எழுதிப்போட்டு எட்டு மாசமாச்சு.”

“அக்கா?”

“சரியாச் சாப்பிட்டு பத்து நாள் ஆச்சாம். அடுத்த மருந்து வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்தப் புள்ள உசுரோட இருக்குன்னு நர்ஸ் எவ்வளவோ சொல்லியும் நம்பல. சமாதானத்துக்குச் சொல்றாங்கன்னு நெனைக்கிறாங்க. உங்க குரலைக் கேட்டாத்தான் நம்புவாங்க.” சிஸ்டர் போனை எடுத்தவர் ஒரு நொடி நிறுத்தினார். “வேர்வைக்குப் பொட்டு தானா உரிஞ்சு விழுறது உண்டு. அப்படி விழுந்துருச்சுன்னு சொல்லிக்கங்க. ஒண்ணும் தப்பில்ல.”

அந்தப் பக்கம் போனை எடுத்ததும் சுகந்தி, “அக்கா, நான்தான். உங்க துணை,” என்றாள்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கட்டைக் குரல் மெலிந்துபோய், “ஏளா,” என்றது. “நீதானா? இன்னொருக்கச் சொல்லு.”

“நான்தான்க்கா. உசுரோடதான் இருக்கேன்.”

அக்கா அழுதாள். பெரிய அழுகை. நடுவில் யாரையோ கூப்பிட்டு, “இருக்காளாம், இருக்காளாம்” என்று சொன்னாள். சுகந்தி வாயைத் திறந்தாள். பொட்டு உரிஞ்சு விழுந்துருச்சு என்கிற மூன்று வார்த்தைகளும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. ஆனால் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

“நான்தான் கழட்டினேன்க்கா. தாங்க முடியல. ரெண்டு மணிக்குக் கழட்டிட்டு உக்காந்து இட்லி சாப்பிட்டேன். என்னை மன்னிச்சிருங்க.”

அழுகை நின்றது. திட்டட்டும் என்று சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“அரை மணி நேரம் வச்சிருந்தேல்லா,” என்றாள் அக்கா மெதுவாக. “நான் ஒனக்கு அவ்வளவு நேரம்கூட வைக்கலளா.”

“என்னக்கா?”

“ஒனக்கு மொத மொத ஏத்துன அன்னைக்கு. மூணு மணிக்கு வந்துச்சு. மூணே காலுக்குப் பிச்சு எறிஞ்சிட்டேன். ரெண்டு தடவ தனியாப் பட்டு, ஒடம்பு பயந்து கெடந்துச்சு. ஒன்கிட்டப் பெருசாப் பேசிட்டு, ஓடிட்டேன். பொறவு நீ தவறிட்டேன்னு மெசேஜ் வந்துச்சு. முழுசையும் தாங்க முடியாமத்தான் அந்தப் புள்ள போயிட்டு, நாமதான் கொன்னுட்டோம்னு நெனச்சேன். சோறு எப்படி எறங்கும், சொல்லு.”

சுகந்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நான் அன்னைக்குப் பட்டது?”

“முழுசும் ஒன்னுதுதான்.”

பாதி, பாதி என்று குழாயைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சொன்னது அத்தனையும் பொய். யாரும் குனிந்து நிற்கவில்லை. முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை என்று உடனே தோன்றியது. அதற்குப் பின்னால் வந்தது பழைய பயம்தான், ஆனால் இன்னும் பெரிதாக. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தாங்கினாள். இனி எதைச் சொல்லிக்கொண்டு தாங்குவது?

“நீங்க மருந்து ஏத்திக்குவீங்களாக்கா?”

“ஏத்திக்கிடுதேன். நீதான் இருக்கியே. நீ நாளைக்குப் போவியா?”

“போறேன்க்கா.”

“நானும் ஒட்டிக்கிடுதேன். எவ்வளவு நேரம் வச்சிருப்பேன்னு மட்டும் கேக்காத. சத்தியம் பண்ணுற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லளா.”

“எனக்கும் இல்லக்கா.”

வெளியே தனசேகர் மருந்துச் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தான். “அன்னைக்கு எனக்கும் மெசேஜ் வந்திருக்கணும்,” என்றாள் சுகந்தி. “எங்க அது?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “வந்துச்சு. தவறிட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. முத நாளே இதைப் பாத்தா நீ பயந்து செத்துருவேன்னு அழிச்சுட்டேன். அந்த வியாழக்கிழமை நீ அக்காவுக்கு ஏறுதுன்னு ஒட்டிக்கிட்டு வாந்தி எடுத்தப்ப... செத்தவங்களுக்கு எப்படி மருந்து ஏத்துவாங்க? உன் கழுத்துல வந்து உக்காந்திருக்கறது யாருன்னு எனக்குக் கை காலெல்லாம் உதறிருச்சு. யார்கிட்ட கேக்குறதுன்னும் தெரியல.”

அத்தனை நாளும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம் என்று சுகந்திக்குத் தோன்றியது. அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டவில்லை. “இனிமே எந்த மெசேஜ் வந்தாலும் காட்டுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மருந்து ஏறியது. வாயில் ஐஸ் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தலையணையை எடுத்துக் குளியலறைக் கதவோரம் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தனசேகர் கூடவே தரையில் உட்கார்ந்தான். இந்தத் தடவை எதையும் நம்பி உட்காரவில்லை. முழுவதும் தனக்குத்தான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் குமட்டல் வந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இரண்டு முறை எடுத்தாள். இன்னும் பெரிதாக வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. இவ்வளவுதானா என்று நிமிர்ந்தவளுக்கு, அது ஏன் இவ்வளவுதான் என்று அந்தக் கணமே உறைத்தது. முழுசு எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். எவ்வளவு குறைகிறது என்றும் தெரியும். குறைகிற அவ்வளவும் வேறொரு வீட்டில், பத்து நாள் சரியாகச் சாப்பிடாத ஒரு வயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றே கால் ஆனது. அக்கா கழற்றவில்லை. மூன்றரை ஆனது. சுகந்திக்குத் தன் குமட்டல் மறந்தே போய்விட்டது. அந்த மனுஷி மயங்கி விழுந்துவிடுவாளோ என்கிற பயம்தான் இப்போது பெரிதாக இருந்தது. தன் பொட்டைத் தானே கழற்றினால் அக்காவுக்கு விடுதலை. கை காதுவரைக்கும் போனது. அதற்குமேல் போகத் தைரியம் வரவில்லை.

“போதும்க்கா,” என்றாள் குழாயைப் பார்த்து. “கழட்டிருங்க. நான் பாத்துக்கறேன்.”

கேட்காது என்று தெரியும். இருந்தாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழுவதும் வந்து மோதட்டும் என்று காத்திருந்தாள். நான்கு மணி ஆனது. குமட்டல் அதே அளவில்தான் இருந்தது.